தொண்டர் நெஞ்சிற் புண்

எம்மூராகிய வீரபாண்டி, தேனிக்குத் தெற்கே கம்பம் செல்லும் பெருவழியில் முல்லையாற்றங்கரையில் உள்ளது. ஊழ்வினையாற் கண்ணொளி இழந்த வீரபாண்டிய மன்னன், கௌமாரியம்மையையும் கண்ணீசுவரமுடையாரையும் வழிபட்டு அதனை மீளப் பெற்றான் என்பது இத்தலத்து வரலாறு. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவிற் கம்பத்திற்கு ஆற்றுநீர் வார்ப்போரும், தீச்சட்டி ஏந்துவோரும், ஆயிரங்கண் பானை எடுப்போருமாய் ஊர் கடல்போல் ஒலிக்கும். அவ்வொலி 2020, 2021 ஆகிய ஈராண்டும் எழவில்லை. கொரோனாப் பெருந்தொற்றால் நாடெங்கும் ஊரடங்கி, மக்கள் கூடுதல் தடுக்கப்பட்டமையின், ஆறு தனியே ஓடிற்று. நோய் தீர்ந்தமைக்கு நேர்த்திக்கடன் செலுத்துமிடம் வெறிதாய்க் கிடக்க, நோயோடு பொருதவர் அனைவரும் மருத்துவமனைகளுள் இருந்தனர். அங்கிருந்து வந்த ஒருத்தி எம்மை வினவிய வினாவும், அதற்கு யாம் இறுத்த விடையின் பிழையுமே இக்கட்டுரைக்குக் காரணமாயின.

அவள் இளமையில் எம்பால் திருக்குறளும் திருமுறையும் பாடங்கேட்டவள். பின்னர் வேறொரு நகரத்து மருத்துவமனையிற் செவிலியாயினாள். 2021-ஆம் ஆண்டு வைகாசித் திங்களில், சில நாள் ஓய்வு பெற்று ஊர் வந்தவள், எம் வீட்டுத் திண்ணைக்கு அப்பால் முகக்கவசத்தோடு நின்றவாறே வினவினாள்: "ஐயா, ஒரு படுக்கைக்கு இருவர் காத்திருந்தனர். மருத்துவர் ஒருவரைச் சுட்டினார். அவரை உள்ளே தள்ளிச் சென்றேன். மற்றவர் என் கையைப் பற்றிக்கொண்டார். அந்தக் கையை நான் விடுவித்துக்கொண்டேன். அன்றிரவே அவர் இறந்துபோனார். விடுவித்தது என் கைதானே? இது யாருடைய வினை, ஐயா?"

யாம் சிறிதும் தாழாது விடையிறுத்தோம்: "அவரவர் பிராரத்தம் அவரவர்க்கு. நீ கருவி மாத்திரையே, வருந்தற்க." அவள், "சரி, ஐயா" என்று கூறிச் சென்றாள். ஒரு விடை நன்கு கூறினேம் என்னும் நிறைவோடு யாமும் உள்ளே சென்றோம். சில திங்கள் கழித்து அவள் தாய் வந்து கூறியவற்றைக் கேட்டபோதுதான் எம் நிறைவு நீங்கிற்று. அவள் நள்ளிரவில் எழுந்து கை கழுவுகின்றாள், உண்பதில்லை, ஒருவரோடும் பேசுவதில்லை, ஏனென்று வினவின், "ஐயாவே சொல்லிவிட்டார், இனிச் சொல்ல என்ன இருக்கிறது?" என்கின்றாள். யாம் கூறியது நூலுக்கு மாறானதன்று. ஆயினும் அஃது அவட்கு மருந்தாகாது, வாய்க்குப் பூட்டாயிற்று. மெய்யான கொள்கை எங்ஙனம் ஒருவர்க்குத் தீங்காயிற்று என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

முதற்கண் அத்தொண்டர் உற்ற துயர் இன்னதென அறிதல் வேண்டும். மூச்சுப் புகாத கவசவுடையுள் நீர் அருந்தாதும் இயற்கைக்கடன் கழியாதும் அவர்கள் பல மணிநேரம் நின்றனர். பணி முடிந்தபின்னும் இல்லம் புகாது, தம் மக்களைத் தொடாது, விடுதிகளில் தனித்திருந்தனர். வாடகை வீட்டினின்று வெளியேறுமாறு சிலர் வற்புறுத்தப்பட்டனர். சென்னையில் நரம்பியல் அறுவை மருத்துவர் சைமன் எர்க்குலிசு 2020 ஏப்ரல் 19-ஆம் நாள் இத்தொற்றால் இறந்தபோது, அவர் உடலை அடக்கஞ் செய்யவொட்டாது ஒரு கூட்டம் கல்லெறிந்து ஊர்தியைத் தாக்கிற்று. உடன்பணியாற்றிய மருத்துவரே நள்ளிரவில் மண் வெட்டி அவரைப் புதைக்க நேர்ந்தது. அதற்கு மூன்றாம் நாள், 1897-ஆம் ஆண்டின் கொள்ளைநோய்ச் சட்டத்தை அரசு அவசரச் சட்டத்தால் திருத்தி, மருத்துவத் தொண்டரைத் தாக்குவார்க்கு ஐந்தாண்டு வரையும், கொடுங்காயம் விளைப்பார்க்கு ஏழாண்டு வரையும் சிறை விதித்தது. தொண்டரைக் காக்கச் சட்டம் வேண்டப்பட்டதே நம் நிலையைக் காட்டும். உலகெங்கும் 2020 சனவரி முதல் 2021 மே வரை இத்தொற்றால் இறந்த மருத்துவத் தொண்டர் 80,000 முதல் 1,80,000 வரை இருத்தல் கூடுமென உலகச் சுகாதார நிறுவனம் கணித்தது.

இவை புறத்துயர். அகத்துயர் மூவகைத்து. ஒன்று அச்சம், தன் உயிர்க்கும், தன்னால் தன் வீட்டார்க்கும் என் நேருமோ என்பது. மற்றொன்று அயர்ச்சி. இதனை உலகச் சுகாதார நிறுவனம் 2019-ஆம் ஆண்டில் தன் நோய்ப்பட்டியலிற் குறிக்குங்கால், நோயென்று கொள்ளாது, ஆற்றப்படாத பணிச்சுமையால் தொழிலின்கண் எழும் நிகழ்ச்சியென்றே கொண்டது. காரணம் ஆளிடத்து மட்டுமன்று, பணியிடத்தும் உண்டு என்பது இதனாற் பெறப்படும். மூன்றாவது இவ்விரண்டினும் ஆழமானது. தாம் அறமென்று கொண்டதற்கு மாறானதொன்று தம் கண்முன் நிகழ, அதனைத் தாமே செய்ய நேர்ந்தோ, தடுக்கமாட்டாது கண்டோ நின்றவர்க்கு உண்டாகும் புண் அது. வியத்நாம் போரினின்று மீண்ட வீரர்க்கு மருத்துவஞ் செய்த யோனதன் சே என்னும் அமெரிக்க உளமருத்துவர் 1994-இல் வெளியிட்ட நூலில் இப்புண்ணை எடுத்து விளக்கினார். பின்வந்தோர் அதனை மருத்துவத் தொண்டர்க்கும் உரியதாகக் கண்டனர். இதனை அறப்புண் எனலாம். எம் மாணவி உற்றது இதுவே. 2021 ஏப்ரல், மே திங்கள்களிற் பிராணவாயுவும் படுக்கையும் போதாமையின், மருத்துவமனை வாயில்களில் நோயாளர் ஊர்திகள் நிரைநிரையாய் நின்றன. யார் உள்ளே செல்வது, யார் வெளியே நிற்பது என்று தெரிந்தெடுக்கும் கொடுமை அத்தொண்டர் கையில் விழுந்தது.

அறமில்லாதவர்க்கு அறப்புண் இல்லை. கல்லிற்குக் காயம் இல்லாதவாறு போல, அன்பில்லார்க்கு இந்நோவு வருதற்கு இடமில்லை. மருந்தினை நோயாளன், மருத்துவன், மருந்து, உடனிருந்து இயற்றுவான் என நான்காக வகுத்தார் திருவள்ளுவர். உடனிருப்பானுக்கு வேண்டும் இயல்புகளுள் நோயாளன்பால் அன்புடைமையை முன்வைத்தார் பரிமேலழகர். அவ்வன்பே பணிக்குத் தகுதியாயின், அவ்வன்பு நோதலைப் பணிக்குத் தகாமை என்பது எங்ஙனம் பொருந்தும்? ஆகலின், இவர் நெஞ்சு நொந்தமை குறையன்று. இவர்பால் இருந்த குணத்திற்குச் சான்று. எனினும் சான்றென்று போற்றிப் புண்ணை ஆற்றாது விடுதலும் கொடுமையே. நியூயார்க்கு நகரில் அவசர மருத்துவப் பிரிவின் தலைவராயிருந்த மருத்துவர் லார்ணா பிரீன் என்பார் 2020 ஏப்ரலில் தம்முயிரைத் தாமே நீத்தார். மருத்துவத் தொண்டர் மனநலம் பேணற்பொருட்டு அவர் பெயரால் ஒரு சட்டம் அந்நாட்டில் 2022 மார்ச்சில் வந்தது. பிறர் நோய்க்கு மருந்தளிப்போர் தம் நோயை வெளியிட நாணியும் அஞ்சியும் மறைப்பர் என்பதை இவ்வுலகம் காலந்தாழ்த்தே உணர்ந்தது.

இனி, சைவர் கூறத்தக்க தடைகளை ஒவ்வொன்றாக ஆராய்வாம்.

"இன்பதுன்பங்கள் வினைவழியே வருவன, இறந்தவர் வினையால் இறந்தார், செவிலி வருந்துதல் எற்றுக்கு?" என்பது முதற்றடை. எம் விடையும் இதுவே. இதற்கு மறுமொழி ஆளுடைய பிள்ளையார் வரலாற்றிலேயே உளது. கொங்குநாட்டுக் கொடிமாடச்செங்குன்றூரிற் பிள்ளையார் எழுந்தருளியிருந்தபோது, உடன்வந்த அடியார் கூட்டத்தைக் குளிர்சுரம் பற்றிற்று. அடியார்கள் விண்ணப்பித்தபோது, "இது நும் வினை, நுகர்ந்து கழிமின்" என்று பிள்ளையார் அருளினாரல்லர். துன்பத்திற்குக் காரணம் வினையென்று வாயாற் கூறிக்கொண்டே அதினின்று உய்யும் நெறியை நாடாதிருத்தல் குறையன்றோ என்னும் கருத்துப்படத் திருநீலகண்டத் திருப்பதிகம் அருளிச்செய்தார். சுரம் அடியாரை மட்டுமன்றி அந்நாட்டையே விட்டு நீங்கிற்று என்பர் சேக்கிழார் பெருமான். வினை உண்டென்பதை மறுத்தவரல்லர் பிள்ளையார். வினையைச் சொல்லி வாளாவிருத்தலை மறுத்தவர். வினைக்கொள்கை ஒருவன் தன் துன்பத்தைத் தான் பொறுத்தற்குக் கொள்ளும் ஊன்றுகோல். பிறன் துன்பத்தைக் கேளாது தள்ளுதற்குக் கொள்ளும் தடியன்று. யாம் ஊன்றுகோலைத் தடியாக்கினோம்.

அன்றியும், எல்லாம் இறந்தவர் வினையே எனின் வேறொரு கேடும் விளையும். படுக்கை ஒன்றே இருந்தது ஏன், பிராணவாயு குறைந்தது ஏன், நால்வர் செய்யும் பணியை ஒருத்தி செய்தது ஏன் என்னும் வினாக்கள் எல்லாம் அவ்வொரு சொல்லால் மூடப்பட்டுவிடும். செய்தல் மட்டுமன்று, செய்யத்தக்கது செய்யாமையும் வினையே. முற்காவாது இருந்தோர்தம் ஆகாமியத்தை, கடைசியில் நின்ற ஒரு பெண்ணின் கைமேல் ஏற்றுதல் வினைக்கொள்கையாகாது, அதனைப் புரட்டலேயாம்.

இரண்டாந்தடை: "சிவஞானபோதப் பத்தாஞ் சூத்திரம், இறைவனோடு ஒன்றி இறைபணியின் வழுவாது நிற்பாரை மலமும் வினையும் தாக்கா என்னுமன்றோ? யான் செய்தேன் என்னும் செருக்கு உள்ளமையாலன்றோ இவர் வருந்துகின்றனர்?" இத்தடை நுண்ணிது. ஒருவாறு உண்மையும் உடையது. "நான் அவனைக் காவாது விட்டேன்" என்று நள்ளிரவிற் கை கழுவுவாள், உயிரைப் போக்குவதும் நிறுத்துவதும் தன் கையிலுள்ளன என்னும் பெருஞ்சுமையைத் தன்மேல் ஏற்றிக்கொள்கின்றாள். அச்சுமை அவளுடையதன்று; உடையானுடையது. இதனை அவள் உள்ளபடி உணர்வளாயின், அஃது ஆறுதலாம். ஆனால் இறைபணி நிற்றல் என்பது நெடுநாள் நோற்று உயிர் தானே எய்தும் நிலை. பிறர் வாயால் ஏவப்படும் கட்டளையன்று. அவள் தானே உணருங்கால் அது ஞானம்; மேலதிகாரி ஒருவர், "நீ செய்வது தெய்வப்பணி; களைப்பைச் சொல்லாதே" என்று ஏவுங்கால் அது வஞ்சம். இறைபணி என்னும் சொல்லைக் காட்டி ஊதியத்தையும் உறக்கத்தையும் குறைப்பார், இறைவன் பெயரால் தம் பணியையே கொள்வாராவர்.

மேலும், பற்றின்மை வேறு, உருக்கமின்மை வேறு. திருவருளில் அழுந்திய நம் சமயகுரவர், நெஞ்சுருகிக் கண்ணீர் வார நின்றவரேயன்றிக் கண்ணீர் வற்றினவரல்லர். கண்ணீரைக் குறையென்று எந்தச் சைவநூலும் கூறியது யாம் கண்டிலேம்.

மூன்றாவது, தடையன்று, புகழ்ச்சி. "மருத்துவர் தெய்வம், செவிலியர் தாயர்" என்று அந்நாளில் உலகம் புகழ்ந்தது. 2020 மார்ச்சு 22-ஆம் நாள் மாலை ஐந்து மணிக்கு நாடெங்கும் மக்கள் வாயிலில் நின்று கைதட்டினர். மே 3-ஆம் நாள் வானூர்திகள் மருத்துவமனைகளின்மேல் மலர் தூவின. நன்றியுணர்ச்சி நன்றே. ஆயின், தெய்வமென்று புகழ்தலில் ஓர் இடர் உண்டு. சிவஞானசித்தியார் இறைவனுக்கு மருத்துவனை உவமை கூறும். மருத்துவன் சில நோயை அன்போடு அறுத்துக் கீறித் தீர்ப்பன். சிலவற்றை இனிய பாலுங் கட்டியுங் கொடுத்துத் தீர்ப்பன். அவ்வாறே இறைவனும் இன்பதுன்பங்களை ஊட்டி வினையை அறுப்பன் என்பது அதன் கருத்து. உவமை ஒருபுடை ஒப்புமையே என்பது இலக்கணம் பயின்றார் அறிவர். இறைவன் மருத்துவனைப் போல்வன் எனவே, மருத்துவன் இறைவனாகான். இறைவனுக்கு உறக்கமில்லை; மருத்துவர்க்கு உறக்கம் வேண்டும். இறைவன் வினைப்பயனை ஊட்டித் தான் விகாரமுறான். மருத்துவரோ தாம் அறுக்கும் ஒவ்வொரு முறையும் நோவர். உவமையைத் தலைகீழாக்கித் தெய்வமென்று ஏற்றியபின், அவர் அழுதற்கும் தவறுதற்கும் உரிமை இழந்தார். தெய்வம் ஒருவரைக் காவாதுவிடின், பத்தன் சினந்து கல்லெறிவான். கைதட்டிய நாளுக்கும் கல்லெறிந்த நாளுக்கும் இடைப்பட்ட காலம் ஒரு திங்கள்தானும் இல்லாமையை நோக்குக.

அற்றேல், தொண்டு கொள்வார் தொண்டர்க்குச் செய்யத்தக்கது யாது எனின், அதற்குக் கண்ணப்ப நாயனார் வரலாறே விடை பகரும். காளத்தியப்பர் வலக்கண்ணிற் குருதி பெருகக் கண்ட திண்ணனார், தீங்கு செய்தாரைத் தேடினார். காணாராய்ப் பச்சிலை கொணர்ந்து பிழிந்தார். அதனாலும் குருதி நில்லாமையின் தம் கண்ணை இடந்து அப்பினார். மருத்துவத் தொண்டர் செய்வனவும் இம்முறையினவே: காரணம் தேடுவர்; மருந்திடுவர்; முடிவிற் தம்மையே கொடுப்பர். பின்னர் இடக்கண்ணிலும் குருதி பெருகிற்று. தம் மற்றைக் கண்ணையும் இடத்தற்கு நாயனார் அம்பை ஊன்றியபோது நிகழ்ந்தது யாது? இறைவன் வாளா இருந்திலன். புகழ்ந்து மலர் தூவி, "இதனையும் தருக" என்றிலன். தன் திருக்கையை நீட்டி அவர் கையைப் பற்றித் தடுத்தருளினான்.

இதன் பொருளை உரைகாரர் பலவாறு விரிப்பர். யாம் ஈண்டுக் கொள்வது ஒன்றே. தொண்டின் எல்லையைத் தொண்டர் அறியார், அன்பு எல்லையறியாது. ஆகவே எல்லை காணுதல் தொண்டு கொள்வான் கடன். உடையானே அதனைத் தன் கடனாகக் கொண்டான் எனின், நோயாளராயும், நோயாளர் சுற்றமாயும், மருத்துவமனை நடத்துவோராயும், அரசாயும் நின்று தொண்டு கொள்ளும் நமக்கு அக்கடன் இல்லையாகுமோ? நாம் இறைவனை ஒப்போம் என்பது இதன் கருத்தன்று. இறைவன் காட்டிய நெறியில் நிற்றல் அடியார்க்குக் கடன் என்பதே கருத்து.

அக்கடன் யாங்ஙனம் ஆற்றப்படும்? பணிநேரத்திற்கு வரம்பிடுதல்; மாற்றாள் இருக்கச் செய்தல்; தெரிந்தெடுக்கும் சுமையை ஒருவர்மேல் விடாது, பலர் கூடி முன்னரே நெறி வகுத்தல்; இறப்பு நேர்ந்தபின் உடன்பணியாளர் கூடியிருந்து பேச இடமளித்தல்; மனநல மருத்துவரை நாடினாரை இழிவாக எண்ணாமை. இந்திய அரசு 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கிய மனநலத் தொலைபேசித் தொண்டினை 14416 என்னும் எண்ணில் யாவரும் அழைக்கலாம் என்பதையும் அன்பர்கள் தம் ஊர்த் தொண்டர்க்கு அறிவித்தல் நன்று. திருமடங்களைச் சார்ந்தோர்க்கும் எம்போன்ற பண்டிதர்க்கும் உரியது இன்னொன்றுண்டு. வினவுவார் வினா முடியுமுன் விடை கூறாமை. நூலறிவு செவியை அடையாது காத்தல். கேள்வி என்பது நூல் கேட்டல் மட்டுமன்று. துன்புற்றார் உரை கேட்டலும் கேள்வியே.

2022-ஆம் ஆண்டு சித்திரையில் எம்மூர்த் திருவிழா மீண்டும் நிகழ்ந்தது. கம்பத்திற்கு வார்க்க ஆற்றுநீர் எடுத்து நின்ற கூட்டத்துள் அவளும் அவள் தாயும் இருந்தனர். நீர் வார்த்து மீண்டபின் அவளை அணுகி, "அம்மா, அன்று நீ வினவியதற்கு விடை சொன்னோமேயன்றி நீ சொன்னதைக் கேட்டோமில்லை. பிழை எம்முடையது. இன்று கேட்கவே வந்தோம்" என்றோம். அவள் நெடும்பொழுது பேசாதிருந்தாள். பின்னர் ஆற்றங்கரைப் படியில் அமர்ந்து, பொழுது சாயுமளவும் பேசினாள். அவள் கையைப் பற்றிய அம்மனிதர் பெயர் யாதென யாம் வினவியபோதுதான் அழுதாள். "இதுவரை ஒருவரும் அவர் பெயரை என்னிடம் கேட்டதில்லை, ஐயா" என்றாள். அப்பெயரைச் சொல்லி, அவர்க்கெனக் கண்ணீசுவரமுடையார் சந்நிதியில் ஒரு விளக்கு ஏற்றினாள்.

அவள் துயர் அன்றோடு ஒழிந்ததென்று யாம் கூறேம். மனநல மருத்துவர் ஒருவரிடம் மருந்து கொள்கின்றாள் என்றும், இப்போது உறங்குகின்றாள் என்றும் பின்பொருநாள் அவள் தாய் கூறினாள். மருத்துவமனைப் பணிக்கும் மீண்டாள். "யாருடைய வினை?" என்னும் அவள் வினாவிற்கு இன்றும் எம்பால் முழுவிடை இல்லை. ஆயினும், இருந்தது ஒரு படுக்கையாயிற்று. அதனை இரண்டாக்கும் கடன் அவளுடையதன்று, நம்முடையது என்பதை மட்டும் ஐயமின்றிக் கூறுவேம். கொள்ளைநோய் மீண்டும் வாராதென்று யார் சொல்லவல்லார்? வருங்கால் நம் தொண்டர் இரண்டாங் கண்ணிலும் அம்பை ஊன்றாதபடி, அவர் கையைப் பற்றும் கை நம்முடையதாகுக.

திருச்சிற்றம்பலம்.